கறையைத் தேய்க்குமுன் கேளுங்கள்: அது எங்கிருந்து வந்தது?

(தோட்டக் கிளையின் மாதர் பகுதி பொங்கலுக்கு முன் நடத்திய சுகாதாரக் கூட்டத்தில், தோட்டக் கிராணியாகப் பணிபுரியும் சங்க ஊழியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)



பொங்கல் நெருங்குகிறது. வீட்டைக் கழுவ வேண்டும். சுவரைத் துடைக்க வேண்டும். பாத்திரத்தைத் துலக்க வேண்டும். "போகாத கறையைப் போக்குவது எப்படி என்று வந்து பேசுங்கள்" என்று மாதர் பகுதியினர் நம்மை அழைத்தபோது, முதலில் சிரிப்புத்தான் வந்தது. கிராணிக்குத் தெரிந்த கறை ஒன்றே ஒன்று: சட்டைப் பையில் ஒழுகிய பேனா மைக் கறை. அதையும் துவைப்பது வீட்டிலுள்ள அம்மையார்தான்! ஆனாலும் ஒப்புக்கொண்டோம். காரணம், கறையைப் பற்றி நாம் சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று. இருந்தும் இந்த மேடையில் சொல்வோம். முதலில் கைவேலையைப் பார்ப்போம்.

பால் கறை

நமது வீடுகளில் முதல் கறை பால் கறை. கைலியில், ரவிக்கையில், தலைத்துணியில், கூந்தலில், நகக்கண்ணில் எங்கும் அதுதான். இதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. என்றாலும் ஸ்டோரில் நாம் அன்றாடம் காணும் உண்மையை வீட்டில் மறந்து விடுகிறோம்.

மரத்துப் பாலில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்குவரை ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். பாலைக் கட்டியாக்க ஸ்டோரில் என்ன ஊற்றுகிறோம்? ஃபார்மிக் ஆசிட். பால் கட்டாமல் இருக்க என்ன கலக்கிறோம்? அமோனியா. அதாவது புளிப்பு பட்டால் பால் உறையும்; காரம் பட்டால் நீராகவே நிற்கும். இந்த ஒரு பாடம் போதும்.

ஆகவே ஈரமாக இருக்கும் பால் கறையில் எலுமிச்சையும் புளியும் வைக்காதீர்கள். வைத்தால் துணியிலேயே ஸ்டோர் வேலை நடந்துவிடும்! சுடுநீரும் ஊற்றாதீர்கள், சூடும் பாலை இறுக்கிவிடும். பச்சைத் தண்ணீரில் உடனே அலசிச் சவர்க்காரம் போட்டுக் கசக்குங்கள். சவர்க்காரமும் காரந்தான், ஈரப் பாலுக்கு அது போதும். இதற்காக ஸ்டோர் அமோனியாவை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்வோம்.

காய்ந்துவிட்டால்? அப்போது அது பால் அன்று, ரப்பர். தண்ணீருக்கு அது மசியாது. எத்தனை முறை தேய்த்தாலும் துணிதான் கிழியும். கறையின்மேல் ஐஸ் கட்டியை வைத்து இறுகச் செய்து, நகத்தாலோ மழுங்கிய கத்தியாலோ உரித்தெடுங்கள். மிச்சத்தின்மேல் சிறிது மண்ணெண்ணெய் தடவி ஊறவிடுங்கள். ரப்பர் உப்பி, இளகி வரும். ஸ்காட்லாந்து நாட்டு சார்லஸ் மாக்கின்டாஷ் என்பவர் 1823-ஆம் ஆண்டில் நாப்தா என்னும் நிலக்கரி எண்ணெயில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி மழைக்கோட்டுத் துணி செய்ய உரிமை பெற்றார். அவர் துணியில் ஒட்டவைக்கக் கண்ட அதே வழியைத்தான் நாம் துணியிலிருந்து எடுக்கக் கையாள்கிறோம். ஆனால் ஜாக்கிரதை! இந்த வேலையை வாசலில், வெளிச்சத்தில், அடுப்புக்கும் பீடிக்கும் எட்டாத இடத்தில் செய்ய வேண்டும். பிறகு சவர்க்காரத்தில் இருமுறை துவைத்து, எண்ணெய் வாடை போகும்வரை வெளியே காயப்போட வேண்டும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி எட்ட இருக்கும் நெருப்பையும் தேடிப் போகும்.

கூந்தலிலும் கையிலும் ஒட்டிய பாலுக்குத் தேங்காய் எண்ணெயே மருந்து. தடவி, ஊறவிட்டு, மெல்ல உருவுங்கள்.

இவ்வளவு செய்தும் பழைய பால் கறை முழுதும் போகாது, காற்றுப்பட்டுக் கறுத்துவிடும். போகாவிட்டால் போகட்டும்! காட்டுக்கென்று ஒரு சட்டை, வீட்டுக்கென்று ஒரு சட்டை என்று நம் பாட்டிமார் வைத்திருந்தார்களே, அதுவே சிறந்த வழி. காட்டுச் சட்டை அஞ்சடியில் தொங்கட்டும். அம்மாவின் சட்டையில் கறை இருக்கிறதே என்று வெட்கப்படும் பிள்ளைக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள்: உன் பள்ளிச் சட்டையின் வெள்ளை இந்தக் கறையிலிருந்து வந்தது.

அடுப்படியும் சுவரும்

அடுத்து அடுப்படி. இன்று காஸ் அடுப்பு எல்லா வீட்டிலும் உண்டு. என்றாலும் குளிக்க வெந்நீர் போடவும், விசேஷ நாளில் பெரிய பானை வைக்கவும் விறகு அடுப்பு பின்கட்டில் இருக்கத்தான் செய்கிறது. ரப்பர் விறகின் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் சுவரில் தார் பூசியதுபோல் பிடித்துக் கொள்ளும்.

இதற்கு மருந்து அடுப்பிலேயே இருக்கிறது. விறகுச் சாம்பலில் காரம் உண்டு. காரமும் எண்ணெயும் சேர்ந்தால் பிறப்பது சவர்க்காரம். சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு நம் முன்னோர் பாத்திரம் துலக்கியபோது, பிசுக்கையே சவர்க்காரமாக்கிக் கழுவினார்கள். சாம்பலுக்குப் பதில் சலவைச் சோடாவைச் சுடுநீரில் கரைத்தும் துடைக்கலாம். கையுறை போட்டுக் கொள்ளுங்கள். ஆனால் அலுமினியச் சட்டிக்குச் சோடாவும் சாம்பலும் ஆகா, கறுத்துப் போகும். அதற்குப் புளித்தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்தால் வெளுக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்கும் புளிதான்.

மஞ்சள் கறை ஒரு வேடிக்கை. சவர்க்காரம் பட்டவுடன் சிவந்து நம்மைப் பயமுறுத்தும். பயம் வேண்டாம். அலசி வெயிலில் போடுங்கள். இரண்டொரு நாள் வெயிலில் மஞ்சள் தானே மங்கிவிடும். இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீரும் உப்பும். சுடுநீர் பட்டால் அது துணியிலேயே வெந்து நிலைத்துவிடும். வாழைக்கறையைப் பற்றிக் கேட்காதீர்கள். அது பட்ட துணியை வாழை வெட்டவே வைத்துக் கொள்ளுங்கள்.

பார்த்தீர்களா? கறைக்குக் கறை மருந்து வேறு. பாலுக்குப் புளிப்பு பகை. பித்தளைக்குப் புளிப்பு நட்பு. பிசுக்குக்குக் காரம் மருந்து. அலுமினியத்துக்கு அதுவே நஞ்சு. கையின் பலம் பெரிதல்ல; கறை எது என்று அறிவதே பெரிது.

இனிச் சுவரில் படரும் கரும்பூஞ்சை. குளோராக்ஸ் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த வெளுப்பு நீரைத் தண்ணீரில் கலந்து, ஜன்னலைத் திறந்துவைத்துத் துடைத்தால் சுவர் வெளுக்கும். ஆனால் ஒரு மாதத்தில் மறுபடியும் அதே இடத்தில் அதே படம் வரைந்தாற்போல் கறுத்தால்? அண்ணாந்து பாருங்கள். கூரைத் தகட்டில் ஓட்டை இருக்கும். அல்லது சுவருக்குப் பின்னால் சாக்கடை தேங்கியிருக்கும். அப்படியானால் அந்தக் கறை உங்கள் சுவரில் இருக்கிறதே தவிர, உங்கள் கறை அன்று.

இங்கேதான் நாம் சொல்ல வந்த செய்தி தொடங்குகிறது.

ஒரு சிவப்புக் கறையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தோம். பெயர் வேண்டாம். மேலிடத்திலிருந்து லயங்களைப் பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. "வீடு வீடாகப் போய், அசுத்தமாக இருக்கும் வீடுகளின் எண்ணைக் குறித்து வாருங்கள்" என்று ஆபீஸில் உத்தரவு. போனோம், குறித்தோம்.

பால் வெட்டும் ஒரு அக்காளின் வீடு. ஐம்பதைத் தாண்டியவர். வாசலில் கோலம், உள்ளே பாய் சுருட்டி வைத்த ஒழுங்கு, பாத்திரங்கள் கண்ணாடிபோல் இருந்தன. ஆனால் குளியலறைத் தரையும் தொட்டியும் செங்கல் நிறத்தில் சிவந்து கிடந்தன. கழிவறைப் பீங்கானில் நீர் வடியும் வழியெல்லாம் துருப்பிடித்த கோடு.

"என்ன அக்கா, இதைத் தேய்க்கக் கூடாதா?" என்று கேட்டோம்.

"தேய்க்காமலா இருக்கேன் தம்பி? நாலு மணிக்கு எழும்புறேன். மத்தியானம் வந்து தேய்க்கிறேன். மறுநாளே செவந்துபோவுது" என்றார் அவர்.

நாங்கள் நம்பவில்லை. சாக்குச் சொல்கிறார் என்று எண்ணினோம். வீட்டு எண்ணைக் குறித்தோம். மறுநாள் எச்சரிக்கைக் கடிதம் தயாராயிற்று. கையெழுத்து மானேஜருடையது. ஆனால் வாசகம் எங்களுடையது. "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தவறியதற்காக..." என்று தொடங்கிய கடிதம் அது. ஒரு பிரதி அக்காளின் கையில். ஒரு பிரதி அவருடைய ஃபைலில்.

முப்பது வருஷ வேலையில் அவர் வாங்கிய முதல் கடிதம் அது என்று பின்னால் தெரிந்து கொண்டோம்.

அன்று மாலை அந்த அக்காள் கடைக்குப் போய் வெளுப்பு நீர் ஒரு பெரிய போத்தல் வாங்கி வந்தார். தரையெங்கும் ஊற்றித் தேய்த்தார். சிவப்பு போகவில்லை, இன்னும் கருஞ்சிவப்பாயிற்று. ஏன்? அது இரும்புத் துரு. வெளுப்பு நீர் துருவை வெளுக்காது, இன்னும் ஊன்றவைக்கும். இது அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. அவர் விடவில்லை. கழிவறை கழுவும் ஆசிட்டை எடுத்து, வெளுப்பு நீர் தேங்கி நின்ற அதே தரையில் ஊற்றினார். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

பச்சையும் மஞ்சளுமாகப் புகைபோல் ஒன்று எழும்பியதாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியபடி அஞ்சடிக்கு வந்து விழுந்தார். பக்கத்து வீட்டிலிருந்த பங்களாதேஷ் தோழர் ஒருவர் தூக்கிக் காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து, டிரஸரை அழைத்து வந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல வாரம் மேட்டு நிரையில் ஏறும்போது மூச்சு வாங்கியது.

வெளுப்பு நீரும் ஆசிட்டும் சேர்ந்தால் வெளிவருவது குளோரின் வாயு. 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டு ஈப்ரே போர்முனையில் ஜெர்மன் படை எதிரிகள்மேல் அவிழ்த்துவிட்ட நச்சுக் காற்று அதுவே. போர்க்களத்து நஞ்சை ஒரு தாய் தன் குளியலறையில் அறியாமல் தயாரித்தார். எதற்காக? எங்கள் கடிதத்துக்காக!

தோழர்களே, அவரைப் பார்க்கப் போன அன்று, பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு வெள்ளை எனாமல் குவளையைக் கொண்டுவந்து காட்டினார். முதல் நாள் இரவு குழாயிலிருந்து தெளிந்த தண்ணீராகப் பிடித்து மூடிவைத்தது. காலையில் அடியில் செம்மண் கரைத்தாற்போல் வண்டல். அந்த லயத்துக்கு வந்தது ஆழ்கிணற்றுத் தண்ணீர். பூமிக்குள்ளிருக்கும் இரும்பு நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் வரும். காற்றுப் பட்டதும் துருவாகிப் படியும். அதை நீக்கவே காற்றாடவிட்டு மணல் வடிகட்டியில் வடிப்பது வழக்கம். தோட்டத்தில் வடிகட்டி இருந்தது. ஆனால் அதன் மணலை மாற்றி நெடுநாளாயிற்று.

கறை அக்காள் வீட்டில் பிறக்கவில்லை, வடிகட்டியில் பிறந்தது. ஒரு குவளைத் தண்ணீரை ஓர் இரவு வைத்துப் பார்த்திருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும். பேனா பிடித்த கைக்குக் குவளை பிடிக்கத் தோன்றவில்லை.

கிளைக் கமிட்டி அந்தக் குவளையோடு ஆபீஸுக்கு வந்தது. நாங்களும் இந்த முறை கமிட்டியின் பக்கம் நின்றோம். கடிதம் எழுதப்பட்டது. மணல் மாற்றப்பட்டது, தொட்டி கழுவப்பட்டது. சில வாரங்களில் புதிய சிவப்புப் படிவது நின்றது. பழைய கறை போகவில்லை. ஆசிட் சிமெண்டை அரித்துத் தரையைச் சொரசொரப்பாக்கிவிட்டது. அதில் அழுக்கு இன்னும் நன்றாகப் பிடித்தது.

எல்லாம் சரியாயிற்று என்று நாங்கள் நினைத்திருந்தபோது, ஒருநாள் சம்பளம் வாங்க வந்த அக்காள் கேட்டார்: "தம்பி, அந்தக் காகிதம் இன்னும் ஃபைல்ல இருக்கா?"

இருந்தது. தரையைப் பற்றி எல்லோரும் பேசினோம். அவர் பெயரில் நாங்கள் வைத்த கறையைப் பற்றி யாரும் பேசவில்லை. அதன் பிறகே கடிதத்தை ரத்துச் செய்யும்படி எழுத்தில் கேட்டோம். ரத்துக் கடிதம் வந்தது. அதை நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

உயிர் காக்கும் விதிகள்

இந்தக் கதையிலிருந்து கையோடு கொண்டுபோக வேண்டியவை சில. பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

ஒன்று: வெளுப்பு நீரோடு எதையும் கலக்காதீர்கள். ஆசிட் ஆகாது, எலுமிச்சையும் வினிகரும் ஆகா, அமோனியாவும் ஆகாது. அமோனியா சேர்ந்தாலும் நச்சுப் புகைதான் வரும். ஸ்டோர் அமோனியா ஸ்டோரிலேயே இருக்கட்டும் என்று சொன்னதன் காரணம் இது. வெளுப்பு நீருக்குத் தண்ணீர் ஒன்றே துணை.

இரண்டு: ஆசிட்டையும் மருந்தையும் சர்பத் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை போத்தலைத்தான் பார்க்கும். உள்ளே இருப்பதைப் பார்க்காது. மங்கில் விடும் ஆசிட் ஒரு சொட்டுக்கூட லயத்துக்குள் வரக் கூடாது.

மூன்று: ஆசிட் உடம்பிலோ கண்ணிலோ பட்டால், ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். எரித்துக்கொண்டு உள்ளே போனது எரித்துக்கொண்டே வெளியே வரும். போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு நிலையம் இயங்குகிறது. என்ன நஞ்சு என்று தெரிந்தால் அங்கே கேட்டு டாக்டர்கள் வைத்தியம் பார்க்க முடியும்.

நான்கு: புகை எழுந்தால் தரையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே ஓடி வாருங்கள்.

ஐந்து: மருந்து அடிப்பவரின் உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு ஊறவைக்காதீர்கள். தனி வாளி, தனித் தண்ணீர். பராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாள் தொட்டு நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதனால் மற்ற மருந்தெல்லாம் பன்னீர் ஆகிவிடவில்லை.

எது நம் வேலை, எது அவர்கள் கடமை?

1897-இல் ரொனால்ட் ராஸ் என்னும் டாக்டர் இந்தியாவில், மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டார். 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் என்ன செய்தார்? காய்ச்சலில் கிடந்தவர்களைப் பார்த்து "நீங்கள் அசுத்தமானவர்கள்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஊரைச் சுற்றிய சதுப்பு நிலத்தை வெட்டி வடியவிட்டார். காய்ச்சல் குறைந்தது. நோய்க்கு மூலத்தைப் பார்த்தார். கறைக்கும் அதே நியாயந்தான்.

சட்டமும் அதைத்தான் சொல்லுகிறது. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தொழிலாளர் வீட்டு வசதி பற்றியது. அதன் திருத்தங்கள் 2020 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தன. வீடு கொடுக்கும் முதலாளி போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். மின்சாரம் கிடைக்கச் செய்ய வேண்டும். வீட்டை நல்ல நிலையில் பழுது பார்த்து வைக்க வேண்டும். இது தயவன்று, கடமை. லயத்தை வாரந்தோறும் பார்வையிடுவதும் தோட்டத்தில் நடக்க வேண்டிய காரியம். அந்தப் பார்வை அடுப்படியை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. கூரை, குழாய், சாக்கடை, தொட்டி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

ஆகவே இப்படிப் பிரித்துக் கொள்ளுங்கள். தேய்த்தால் போகும் கறை நம் கறை, தேய்ப்போம். தேய்த்த மறுநாளே திரும்பிவரும் கறைக்கு மூலம் வேறிடத்தில் இருக்கிறது, எழுதுவோம். எந்த வீடு, எந்த இடம், எந்தத் தேதி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். குவளைத் தண்ணீரை வைத்துப் பாருங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். கிளைக் கமிட்டியிடம் கொடுங்கள். கமிட்டி நிர்வாகத்துக்கு எழுதும். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. ஒரு வீடு சொன்னால் முணுமுணுப்பு. ஒரு லயமே சொன்னால் கோரிக்கை! 1954-இல் தனித்தனிச் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் இந்தக் கணக்கைக் கற்றுத்தானே? அடுத்த வீட்டில் இருக்கும் இந்தோனேசிய, பங்களாதேஷ் தோழர்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அவர்கள் குளிப்பதும் அதே தண்ணீர்தான்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பின்வரிசையில் கைகட்டி நிற்கிறீர்கள். உங்கள் வீட்டு அம்மாள் உங்களோடுதான் பெரட்டுக்குப் போகிறார், உங்களைப்போலவே நிரை வெட்டுகிறார், காண்டா சுமக்கிறார். வீடு திரும்பியதும் நீங்கள் சாய்கிறீர்கள், அவர் தேய்க்கிறார். இந்தப் பொங்கலுக்குத் தேங்காய் நாரை நீங்களும் கையில் எடுங்கள். கை தேய்ந்துவிடாது.

கடைசியாக, நம் இனத்தாராகிய கிராணிமார்களுக்கு. நாம் மானேஜருக்கும் லயத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறோம். நம் பேனாவிலிருந்து விழும் ஒரு வரி, ஒரு தொழிலாளியின் ஃபைலில் பல வருஷம் கிடக்கும். துணியில் விழுந்த மைக்கு மருந்து உண்டு. ஃபைலில் விழுந்த மைக்கு, விழுமுன் யோசிப்பதே மருந்து. யார்மேலும் "அசுத்தம்" என்று எழுதுமுன் குழாயைத் திறந்து பாருங்கள், கூரையை அண்ணாந்து பாருங்கள், வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள். அன்று நாங்கள் நம்பியிருந்தால் ஒரு தாயின் நெஞ்சு எரிந்திருக்காது.

சகோதரிகளே! வீட்டைக் கழுவுங்கள், விளக்கைத் துலக்குங்கள், பொங்கல் பானையைப் பளபளக்க வையுங்கள். போகிற கறையை மகிழ்ச்சியோடு போக்குங்கள். போகாத கறையைப் பார்த்து உங்களையே நொந்து கொள்ளாதீர்கள். அதன் படத்தை எடுத்துச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்து.